பூட்ஸுக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

1950 நவம்பர் இறுதியில் வட கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் சிக்கிக்கொண்ட அமெரிக்க மரைன் படையினரின் கால்களில் இருந்தது ‘ஷூபேக்’ என்ற பூட்ஸ். அடிப்பாகம் முழுக்க ரப்பர், கணுக்காலுக்கு மேலே தோல். சேற்றிலும் உருகும் பனியிலும் நிற்பவரின் காலைக் காக்க நல்ல அமைப்புதான். ஆனால் அங்கே இரவில் குளிர் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. மேடேறும்போது சுரந்த வியர்வை ரப்பரைத் தாண்டி வெளியேற வழியில்லாமல் காலுறையில் ஊறி நின்றது. ஏறி முடித்து அசையாமல் உட்கார்ந்ததும் அதே வியர்வை உறைந்தது. வெளித்தண்ணீர் புகாத பூட்ஸுக்குள் இருந்த கால்கள் உள்தண்ணீரால் உறைந்துபோயின.

பூட்ஸ் நனையாமல் காப்பது எப்படி என்ற கேள்விக்கு இதுவரை வந்துள்ள விடைகளை எடைபோட இந்த நிகழ்ச்சியைப் படிக்கல்லாக வைத்துக்கொள்ளலாம். கொழுப்பைத் தேய், மெழுகை உருக்கிப் பூசு, ரப்பரில் செய், சவ்வு வைத்துத் தை, தண்ணீரை விரட்டும் மருந்தைத் தெளி, எதுவும் வேண்டாம், நனைந்தால் காயட்டும் என்று விட்டுவிடு: எல்லாவற்றுக்கும் வாதிடுவோர் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஒவ்வொரு விடையும் ஒரு காலத்தின் தோலையும் ஒரு நாட்டின் வானிலையையும் மனதில் வைத்துப் பிறந்தது. இடம் மாறும்போதுதான் அதன் பலவீனம் தெரிகிறது.

தண்ணீர் வரும் வழிகள்

பூட்ஸுக்குள் ஈரம் சேர நான்கு வழிகள் உண்டு. தோலின் ஊடே ஊறி வருவது ஒன்று. தையல் துளைகள், ஒட்டிய விளிம்புகள், நாக்கின் ஓரங்கள் வழியாகக் கசிவது இன்னொன்று. மேல்வாய் வழியாகக் கொட்டுவது மூன்றாவது: ஓடையில் கணுக்காலுக்கு மேல் இறங்கினாலோ, கால்சட்டையில் வடியும் மழை காலுறையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாலோ எந்தப் பூச்சும் உதவாது. நான்காவது வியர்வை.

‘வாட்டர் புரூஃப்’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் முதல் இரண்டைப் பற்றித்தான். வாங்குபவரோ நான்கையும் சேர்த்தே புரிந்துகொள்கிறார். இந்தத் துறையில் நடக்கும் சண்டைகளில் பாதி, ஒருவர் ஒரு வழியைப் பற்றியும் மற்றவர் வேறொரு வழியைப் பற்றியும் பேசுவதால் வருபவை என்றே தோன்றுகிறது.

கொழுப்பும் மெழுகும்

மிகப் பழைய விடை இது. தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகள் பின்னிப் பிணைந்த ஒரு வலை. இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய சந்துகள், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை இழுக்கும். அந்தச் சந்துகளைக் கொழுப்பால் நிரப்பிவிட்டாலோ இழைகளின் மேல் கொழுப்பைப் படியவைத்தாலோ இழுவிசை குறையும். ஐரோப்பாவில் ‘டப்பின்’ என்று வழங்கிய கலவை மாட்டுக் கொழுப்பையும் மீன் எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சியது. வட அமெரிக்க மீனவர்களும் மரம் வெட்டிகளும் ஆளி விதை எண்ணெய், ஆட்டுக் கொழுப்பு, தேன்மெழுகு, பைன் பிசின் ஆகியவற்றைத் தங்கள் கைப்பதத்துக்குக் கலந்துகொண்டார்கள். மாட்டின் கால் எலும்புகளைக் கொதிக்கவைத்து எடுக்கும் எண்ணெய்க்குத் தனி மதிப்பு இருந்தது. விலங்கின் உடலில் குளிர்ந்தே இருக்கும் பகுதி கால்கள். அங்குள்ள கொழுப்பு குறைந்த வெப்பத்திலும் உறையாமல் ஓடும். அதனால் குளிர்காலத்திலும் தோலுக்குள் இறங்கியது.

இதில் ஒரு தொழில் நுணுக்கம் கவனிக்கத்தக்கது. பழைய தோல் பதனிடுவோர் டப்பினைக் காய்ந்த தோலில் தேய்க்கவில்லை, ஈரத் தோலில்தான் தேய்த்தார்கள். தோலில் இருக்கும் தண்ணீர் மெல்ல ஆவியாகி வெளியேற, அது விட்டுப்போன இடத்தில் கொழுப்பு புகுந்தது. இன்றும் சில தயாரிப்பாளர்கள் “பூட்ஸ் ஈரமாக இருக்கும்போதே பூசுங்கள்” என்று எழுதுவதற்கும், வேறு சிலர் “நன்றாகக் காயவிட்டுப் பூசுங்கள்” என்று எழுதுவதற்கும் காரணம் முரண்பாடு அல்ல. நீரில் கரைத்த குழம்புகளுக்கு ஈரத்தோல் ஒத்துவரும். கெட்டி மெழுகுக்குக் காய்ந்த தோல் தேவை. எதற்கு எது என்று சொல்லாமல் விதியை மட்டும் எழுதும்போதுதான் குழப்பம் பிறக்கிறது.

இந்த விடை வளர்ந்த காலத்தின் தோல், தாவரப் பட்டைகளால் பதனிட்ட தோல். நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டு, சென்னைத் துறைமுகம் வழியாக ஏற்றுமதியான ‘கிழக்கிந்தியத் தோல்’ இந்த வகையைச் சேர்ந்தது. தோல் வணிகத்தில் அதை ‘இ.ஐ.’ என்று சுருக்கிச் சொல்வார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்பாகத்துக்கு அரசே இதை மொத்தமாக வாங்கியது. பட்டையில் ஊறிய தோல் கொழுப்பைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளும், பிடித்தும் வைத்துக்கொள்ளும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. 1884இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமைக்குப் பிறகு குரோம் உப்புகளால் பதனிடும் முறை தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. இன்று ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தயாராகும் ‘அப்பர்’ (மேல்பாக) தோலில் பெரும்பகுதி குரோம் தோல்தான். குரோம் தோலை மென்மையாக்க, எண்ணெயை நீரில் குழம்பாக்கி உள்ளே செலுத்துகிறார்கள். அப்படிக் குழம்பாக்கச் சேர்க்கும் சோப்பு போன்ற பொருள் தோலுக்குள்ளேயே தங்கினால், பிறகு அதுவே தண்ணீரை உள்ளே கூட்டி வரும். கொழுப்பு இருந்தால் தண்ணீர் வராது என்ற பழைய நம்பிக்கை இங்கே தலைகீழாகிவிடுகிறது. எனவே நீர் புகாத குரோம் தோல் செய்ய வேறு வழி தேடினார்கள். ஒவ்வொரு இழையையும் சிலிக்கோன் போன்ற பொருளால் போர்த்தி, இழைகளுக்கு இடைப்பட்ட சந்துகளைத் திறந்தே விடுவது அந்த வழி. தண்ணீர் ஒட்டாது, ஆவி போகும். இதைத் தோல் வேதியியலில் ‘திறந்த’ முறை என்றும், சந்துகளை அடைத்துவிடும் பழைய முறையை ‘மூடிய’ முறை என்றும் பிரித்துப் பேசுகிறார்கள்.

வீட்டில் மெழுகு பூசுவோர் மறந்துபோவது இதைத்தான். திறந்த முறையில் பதனிட்ட விலையுயர்ந்த தோலின் மேல் தேன்மெழுகை அப்பினால், தயாரிப்பாளர் பாடுபட்டுத் திறந்து வைத்ததை நாமே மூடிவிடுகிறோம். கனத்த பழைய பாணித் தோல் பூட்ஸுக்கு அதே மெழுகு மிக நல்ல மருந்து. நுபக், ஸ்வேட் போன்ற மயிரிழைத் தோல்களில் மெழுகு பூசினால் அவை வழவழப்பாகிக் கறுத்துப்போகும். நீர் நிற்கும், தோலின் முகம் போய்விடும்.

எண்ணெய்க்கும் மெழுகுக்கும் வேறு குறைகளும் உண்டு. எண்ணெய் அதிகமானால் தோல் தளர்ந்து கணுக்காலைப் பிடிக்காமல் போகிறது. விலங்கு எண்ணெய் நாள்பட்டுக் காறலெடுக்கும்போது பிரியும் அமிலங்கள் பித்தளைக் கண்ணிகளோடு சேர்ந்து பச்சைப் பிசுக்காகத் திரள்கின்றன. தேன்மெழுகு உருகுவது 62 டிகிரி செல்சியஸுக்கு மேல், மாட்டுக் கொழுப்பு 40களிலேயே. வெயிலில் நிறுத்திய காருக்குள் கொழுப்பு பூசிய பூட்ஸை விட்டுவைப்பது எப்படி முடியும் என்று விளக்க வேண்டியதில்லை.

எண்ணெய் தையல் நூலை மக்கச் செய்யும் என்ற எச்சரிக்கையும் அடிக்கடி காதில் விழும். பருத்தி, சணல் நூல்களால் தைத்த காலத்தில் அதற்கு ஓரளவு அர்த்தம் இருந்திருக்கலாம். இன்றைய பூட்ஸுகளில் பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது நைலான் நூல். அந்தப் பயத்தை இனி மூட்டைகட்டி வைக்கலாம்.

தையல் என்ற ஓட்டை

தோலை எவ்வளவு காத்தாலும் ஊசி குத்திய இடமெல்லாம் துளை. ஆர்க்டிக் பகுதி இனுயிட் பெண்கள் இதற்குக் கண்ட தீர்வு வியக்க வைப்பது. சீல் தோல் பூட்ஸில் ஊசி தோலின் முழுக் கனத்தையும் ஊடுருவாது. பாதிக் கனத்தில் நுழைந்து பாதியிலேயே திரும்பிவிடும். நூலாகப் பயன்பட்ட விலங்குத் தசைநார் நனைந்ததும் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். தண்ணீரையே காவலுக்கு நிறுத்திய தையல் இது. ஐரோப்பியக் காலணித் தொழிலாளர்களின் பிசின் மெழுகு ஏற்றிய நூலும் இதே திசையில் ஒரு முயற்சிதான், இவ்வளவு நேர்த்தி இல்லை.

ஆலைத் தையல் வந்தபின் சிக்கல் வேறு உருவெடுத்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1912இல் லியோன் லியோன்வுட் பீன், ரப்பர் அடிப்பாகத்தோடு தோல் மேல்பாகத்தைத் தைத்து வேட்டை பூட்ஸ் விற்றார். முதலில் விற்ற 100 ஜோடிகளில் 90 திரும்பி வந்தன என்பது அந்த நிறுவனமே பெருமையோடு சொல்லும் கதை. ரப்பர் கெடவில்லை, தோலும் கெடவில்லை. இரண்டும் சந்தித்த தையல்தான் பிய்ந்தது.

அடிப்பாகத்தைத் தைக்காமல் உருக்கி வார்த்துவிட்டால் அந்தத் துளை இருக்காதே என்பது அடுத்த யோசனை. பிரிட்டிஷ் ராணுவத்தின் ‘டி.எம்.எஸ்.’ பூட்ஸ் அப்படி நேரடியாக வார்த்த அடிப்பாகம் கொண்டது. 1982இல் பாக்லாந்துத் தீவுகளின் சதுப்பு நிலத்தில் அந்தக் குட்டை பூட்ஸின் மேல்தோலும் மேல்வாயும் வழியாகத் தண்ணீர் தாராளமாக உள்ளே போனது. முதல் உலகப் போரோடு முடிந்துவிட்டதாக நினைத்த ‘டிரெஞ்ச் ஃபுட்’ என்ற பதுங்குகுழிக் கால் நோய் திரும்ப வந்தது. சில ஆண்டுகளிலேயே ராணுவம் உயரமான பூட்ஸுக்கு மாறியது. ஓர் ஓட்டையை அடைத்தால் அடுத்த ஓட்டைதான் முதலிடத்துக்கு வருகிறது.

இந்த இடத்தில் யாரும் அதிகம் பேசாத ஒரு பாகத்தைச் சொல்ல வேண்டும்: நாக்கு. கயிறுகளுக்குக் கீழே கிடக்கும் நாக்கின் இரு ஓரங்களையும் மடிப்புத் தோலால் மேல்பாகத்தோடு இணைத்திருந்தால் அந்த உயரம் வரை தண்ணீர் நுழையாது. இணைக்கவில்லையென்றால் எத்தனை டப்பா மெழுகு பூசினாலும் பயனில்லை. கடையில் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் நாக்கைத் தூக்கிப் பார்ப்பது நல்லது.

ரப்பர் சொன்ன விடை

அமேசான் காட்டு மக்கள் ரப்பர் பாலைக் கொண்டு காலணி செய்துவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரேசிலிலிருந்து அத்தகைய காலணிகள் வட அமெரிக்காவுக்குக் கப்பலேறின. வெயிலில் இளகி, குளிரில் வெடித்த அந்த ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி நிலைப்படுத்தும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டார். 1844இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் வந்த கம்பூட்ஸ் வெளித்தண்ணீர் பற்றிய கேள்விக்கு முழுமையான விடை. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்காக நார்த் பிரிட்டிஷ் ரப்பர் நிறுவனம் 11 லட்சம் ஜோடிகளுக்கு மேல் செய்து கொடுத்தது.

அப்படியும் பதுங்குகுழிக் கால் நோயைக் கட்டுப்படுத்தியதில் பூட்ஸைவிட ஒழுங்குமுறைக்கே பங்கு அதிகம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பூட்ஸைக் கழற்றிக் காலைத் துடைத்துத் திமிங்கல எண்ணெய் தேய்ப்பது, காய்ந்த காலுறை மாற்றுவது, முன்வரிசையில் ஒருவரை நெடுநாள் நிறுத்தாமல் இருப்பது, அதிகாரி நேரில் கால்களைப் பார்வையிடுவது ஆகியவை அந்த ஒழுங்கில் அடங்கும். எண்ணெய் இங்கே தோலுக்குப் போகவில்லை, காலுக்குப் போனது.

கொரியாவின் பாடத்துக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் எடுத்த முடிவு விசித்திரமானது, ஆனால் தர்க்கம் பிசகாதது. ‘மிக்கி மௌஸ்’ என்று படையினர் கேலி செய்த தடித்த ரப்பர் பூட்ஸில் கம்பளி அடுக்கை இரண்டு ரப்பர் சுவர்களுக்கு நடுவே காற்றுப் புகாமல் அடைத்துவிட்டார்கள். வியர்வை வெளியே போகாது, போகவும் வேண்டாம். கம்பளியை நனைக்காதவரை குளிர் உள்ளே வராது. கால் ஈரமாக இருக்கும், ஆனால் சூடாக இருக்கும். நனையாமை என்ற இலக்கையே கைவிட்டுவிட்டு உறையாமையைப் பிடித்துக்கொண்ட தீர்வு.

சவ்வு: வாக்குறுதியும் கணக்கும்

1969இல் பாப் கோர், டெஃப்லான் இனத்தைச் சேர்ந்த பாலிமரைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்தபோது அது நுண்துளைகள் நிறைந்த மெல்லிய சவ்வாக விரிந்தது. 1976இல் கோர்-டெக்ஸ் சந்தைக்கு வந்தது. 1979இல் டேனர் நிறுவனம் அதை நடைபயண பூட்ஸுக்குள் காலுறை வடிவப் பையாகத் தைத்து வைத்தது. சவ்வின் துளை தண்ணீர்த் துளியைவிட 20,000 மடங்கு சிறியது, நீராவி மூலக்கூறைவிட 700 மடங்கு பெரியது என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. துளையே இல்லாமல், ஈரத்தை மூலக்கூறு மூலக்கூறாகக் கடத்தும் வேறு வகைச் சவ்வுகளும் பிறகு வந்தன.

இந்த விடையின் பலம் மறுக்க முடியாதது. தோல், தையல், நாக்கு என்று மூன்று ஓட்டைகளையும் ஒரே பையால் அடைக்கிறது, வியர்வைக்கும் ஒரு கதவைத் திறந்து வைக்கிறது. ஆனால் அந்தக் கதவை யார் தள்ளுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உள்ளே ஆவியழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால் மட்டுமே ஆவி வெளியேறும். ஒரு தோராயக் கணக்குப் போடலாம். காலையொட்டிய காற்று 34 டிகிரியில் ஈரம் நிறைந்திருந்தால் அதன் ஆவியழுத்தம் சுமார் 53 ஹெக்டோபாஸ்கல். ஸ்காட்லாந்தில் 5 டிகிரி மழை நாளில் வெளியே சுமார் 9. இடைவெளி 44. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் காட்டில் 25 டிகிரி மழை நாளில் வெளியே சுமார் 32. இடைவெளி 21, அதாவது பாதிக்கும் குறைவு. அதோடு அங்கே கால் அதிகமாக வியர்க்கும். ஐரோப்பியக் குளிருக்குப் பிறந்த சவ்வு வெப்பமண்டல மழையில் சோர்ந்துபோவதற்குச் சவ்வைக் குறைசொல்லிப் பயனில்லை.

அடுத்த குறை, வெளித்தோல் ஊறிவிடுவது. சவ்வு முழுதாக இருந்தாலும் அதற்கு வெளியே உள்ள தோலோ துணியோ தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டால் ஆவி போக வழி அடைபடுகிறது, கால் குளிர்கிறது, வியர்வை உள்ளேயே திரள்கிறது. அணிந்தவர் “பூட்ஸ் ஒழுகுகிறது” என்கிறார். உண்மையில் ஒழுகியிருக்காது. சவ்வு வைத்த பூட்ஸுக்கும் வெளிப்பூச்சு தேவை என்பதற்குக் காரணம் இதுதான். விற்பனைப் பேச்சில் இது அடிக்குறிப்புக்குப் போய்விடுகிறது.

மூன்றாவது, ஆயுள். விரல்களுக்குப் பின்னால் பூட்ஸ் மடியும் இடத்தில் சவ்வும் ஒவ்வோர் அடிக்கும் மடிகிறது. உள்ளே புகுந்த மணலும் வெட்டாத கால்நகமும் மீதி வேலையைப் பார்க்கின்றன. தோலில் விரிசல் விழுந்தால் தைக்கலாம், மெழுகு பூசலாம். உள்ளே இருக்கும் சவ்வுப் பை கிழிந்தால் வீட்டிலிருந்து செய்யக்கூடியது எதுவும் இல்லை.

தண்ணீரை விரட்டும் மருந்து

1953இல் 3எம் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ஃபுளோரின் சேர்ந்த ஒரு திரவம் ஓர் உதவியாளரின் கான்வாஸ் ஷூவில் சிந்தியது. அந்தத் திட்டு எதிலும் நனையவில்லை, அழுக்கும் பிடிக்கவில்லை. பேட்ஸி ஷெர்மனும் சாமுவேல் ஸ்மித்தும் அதிலிருந்து உருவாக்கிய ‘ஸ்காட்ச்கார்டு’ 1956இல் சந்தைக்கு வந்தது.

தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன், சமையல் எண்ணெய்களுக்கு 30களில். மெழுகும் சிலிக்கோனும் தண்ணீரை உருட்டிவிடும், எண்ணெயிடம் தோற்கும். ஃபுளோரின் பூச்சின் பரப்பு ஆற்றல் அவற்றினும் குறைவு என்பதால் எண்ணெயும் ஒட்டாது. உடலெண்ணெயும் சாலைப் பிசுக்கும் படியாததால் பூச்சு நெடுநாள் வேலை செய்தது. அதன் கரிம-ஃபுளோரின் பிணைப்பு இயற்கையில் எளிதில் உடையாததால் மண்ணிலும் நீரிலும் மனித ரத்தத்திலும் தங்கியும் போனது. பிஎஃப்ஏஎஸ் என்று மொத்தமாகச் சுட்டப்படும் இந்தக் குடும்பத்தின் சில உறுப்புகள் 2009, 2019, 2022 ஆண்டுகளில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்தன. பிரான்ஸ் இவற்றைக் கொண்ட உடைகளையும் காலணிகளையும் அவற்றுக்கான நீர்காப்புப் பூச்சுகளையும் 2026 ஜனவரி முதல் தடைசெய்யும் சட்டத்தை 2025இல் இயற்றியது. கோர் நிறுவனமும் 2022 முதல் ஃபுளோரின் இல்லாத பாலிஎத்திலீன் சவ்வுக்கு மாறத் தொடங்கியது.

தீயணைப்பாளருக்கும் அறுவை அரங்கில் நிற்பவருக்கும் எண்ணெயையும் ரத்தத்தையும் விரட்டும் பூச்சு தேவைப்படலாம். மலையில் நடப்பவருக்கு அது தேவையா என்பது கேள்விக்குரியது. மழை எண்ணெயால் ஆனதல்ல. அவருக்கு மெழுகும் சிலிக்கோனும் போதும், அடிக்கடி பூசும் சலிப்பைப் பொறுத்துக்கொண்டால்.

உள்ளே விடு, வெளியே விடு

இதற்கெல்லாம் எதிர்க்கட்சி ஒன்றும் உண்டு, அது மிகப் பழையது. ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த 5,300 ஆண்டுப் பழமையான ‘ஓட்ஸி’ மனிதனின் காலணிக்குள் திணித்திருந்தது உலர்ந்த புல். ஸ்காண்டினேவியாவின் சாமி மக்களும் காலணியில் புல் அடைத்துத்தான் நடந்தார்கள். மாலையில் எடுத்துக் காயவைத்தால் மறுநாளுக்குத் தயார். தண்ணீரைத் தடுப்பது அவர்கள் நோக்கமாகத் தெரியவில்லை, ஈரத்தை எடுத்து வெளியே கொட்ட முடிவதுதான் முக்கியமாக இருந்தது.

வியட்நாம் போரின் ‘ஜங்கிள் பூட்ஸ்’ இதே எண்ணத்தின் ராணுவ வடிவம். கான்வாஸ் மேல்பாகம், உள்வளைவில் வடிகால் கண்ணிகள், தண்ணீரைப் பிடித்துவைக்காத பிளாஸ்டிக் வலை உள்ளங்கால் அட்டை. ஓடையைக் கடந்தால் நனையும், கரையேறி நடக்கையில் வடியும். இடுப்பளவு நீரில் நடப்பவருக்கு ‘வாட்டர் புரூஃப்’ பூட்ஸ் என்பது தண்ணீர் நிரப்பிய வாளிதானே.

வால்பாறை, ஆகும்பே போன்ற மழைக்காடுகளுக்கு இந்தக் கட்சியின் வாதம் வலுவானதாகவே படுகிறது. எதிர்வாதமும் அதே காட்டில் காத்திருக்கிறது: அட்டைப்பூச்சி. தண்ணீர் வெளியேற வழி வைத்தால் அட்டைக்கு உள்ளே வர வழி. அதனால் நெருக்க நெய்த அட்டைக் காலுறையை முழங்கால் வரை மாட்டிக்கொள்கிறார்கள், அதுவும் ஈரத்தைத் தேக்குகிறது. நாள்கணக்கில் ஊறிய பாதத்தோல் வெளுத்துப் புண்ணாவதையும் இந்தக் கட்சியால் முழுதாகத் தவிர்க்க முடியவில்லை. இரவில் காயவைக்க ஓர் இடம் கிடைக்கும் என்ற அனுமானத்தில்தான் அது நிற்கிறது. குளிர்நாட்டு மழையிலோ இந்த வழி ஆபத்து.

பராமரிப்பில் ஒத்த கருத்தும் பிணக்கும்

எல்லாக் கட்சியும் ஒத்துக்கொள்ளும் விதிகள் சிலவே. சேற்றைக் கழுவு, ஏனெனில் காயும் சேறு தோலின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சி வெடிக்கச் செய்கிறது. உள்ளங்கால் அட்டையைக் கழற்று. காகிதம் அடைத்து நிழலில் காயவை. அடுப்பருகே வைக்காதே. கடைசி விதிக்குக் கணக்கே உண்டு: ஈரமான தாவரப் பதத் தோல் 70 முதல் 85 டிகிரிக்குள் சுருங்கத் தொடங்கும், குரோம் தோல் 100 டிகிரி அளவு வரை தாங்கும். ஆனால் அதற்கு முன்பே பசை இளகிவிடும். ஒரே முறை நெருப்பருகே காய்ந்து சுருங்கிய தோலை எந்த எண்ணெயும் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

எத்தனை முறை பூச வேண்டும் என்பதில் ஒற்றுமை இல்லை. மாதம் ஒருமுறை என்பது டப்பா விற்பவரின் விடை. தண்ணீர் உருளாமல் ஊறத் தொடங்கும்போது பூசினால் போதும் என்பதே நியாயமாகத் தெரிகிறது.

நம் கடலோர ஊர்களில் வேறொரு சிக்கல் முந்திக்கொள்ளும். பல பூட்ஸுகளின் நடு அடிப்பாகம் பாலியூரித்தேன் நுரை. காற்றின் ஈரமே அதன் பிணைப்புகளை மெல்ல வெட்டுகிறது. சில ஆண்டுகள் அலமாரியில் தூங்கிய பூட்ஸ் முதல் நடையிலேயே பொரி உருண்டைபோல் உதிரும். மேல்தோலுக்கு வருடாவருடம் மெழுகு பூசி வைத்திருந்தாலும் அதற்குள் அடிப்பாகம் போய்விடுகிறது. இருக்கும் தோலில் பூஞ்சையும் படரும். இங்கே பூட்ஸைக் காக்கும் நல்ல வழி அதைப் போட்டுக்கொண்டு நடப்பதும், காற்றாட வைப்பதும்.

சோதனை எதை அளக்கிறது?

பாதுகாப்புக் காலணிகளுக்கான ஐஎஸ்ஓ 20345 தரநிலையில், நீர் எதிர்ப்புள்ள மேல்தோல் 60 நிமிடத்தில் 0.2 கிராமுக்கு மேல் நீரைக் கடத்தக் கூடாது, தன் எடையில் 30 சதவீதத்துக்கு மேல் குடிக்கக் கூடாது. முழு பூட்ஸுக்கான சோதனையில், அணிந்த ஒருவர் நீர்த்தொட்டியில் 100 முறை குறுக்கே நடந்த பின் உள்ளே நனைந்த பரப்பு 3 சதுர சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டும் நேர்மையான சோதனைகள். ஆனால் இரண்டும் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு, புது பூட்ஸுக்கு. ‘வாட்டர் புரூஃப்’ என்ற சொல்லின் பின்னால் எப்போதும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைப் பெட்டி சொல்வதில்லை.

முடியாதிருப்பவை

வெளித்தண்ணீரைத் தடுக்கும் கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். ரப்பர் அதை 19ஆம் நூற்றாண்டிலேயே தீர்த்தது, நீர்விலக்குத் தோலும் சவ்வும் எடை குறைத்துத் தீர்த்தன. தீராதது வியர்வையின் கேள்வி, அதிலும் வெப்பமண்டல மழையில். ஆவியழுத்த வேறுபாட்டை நம்பும் எந்த அமைப்பும் அங்கே ஒரு வரம்பில் நின்றுவிடும். ஃபுளோரின் இல்லாத புதிய சவ்வுகளும் பூச்சுகளும் பல ஆண்டு மடிப்பையும் மண்ணையும் உடலெண்ணெயையும் எவ்வளவு தாங்கும் என்பதற்கு உறுதியான விடை வரக் காலம் ஆகும். பழுதுபார்க்க முடியாத சவ்வா, பழுதுபார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய தோலா என்ற தேர்வில், ஆண்டுக்குச் சில நாள் நடப்பவருக்குச் சவ்வும், பூட்ஸே பிழைப்பானவருக்குத் தைத்த தோலும் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் சாய்வு. வெப்பமண்டல மழைக்காடுகளுக்கு இரண்டுமே இரண்டாம் தரத் தேர்வுகள்.

ஒழுகுகிறதா, வியர்க்கிறதா என்று சந்தேகம் உள்ளவர்கள் புது டப்பா மெழுகு வாங்குவதற்கு முன் ஒன்று செய்யலாம். காய்ந்த பூட்ஸுக்குள் செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, கணுக்காலுக்குக் கீழ் மட்டும் மூழ்கும்படி தண்ணீர் வாளியில் பத்து நிமிடம் அமிழ்த்திப் பிடியுங்கள். எடுத்துப் பார்க்கையில் தாள் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கே ஓட்டை. எங்கும் நனையவில்லையென்றால் மாற்ற வேண்டியது காலுறை.